பட்டியலில் இல்லாத அரைமணி

தேங்காய்ப்பட்டணம்
14.10.2025, செவ்வாய், காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு சின்ன விஷயம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. நேற்றைய ஃபோல்டரைத் திறந்தால் வயர்லெஸ் பேச்சின் முப்பத்தொரு பதிவுகள்தான் தெரிகின்றன. ஆனால் திரையின் அடியில், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் எண், கிட்டத்தட்ட தினமும் ஏறுகிற அளவுக்கே நேற்றும் ஏறியிருக்கிறது. அரைமணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு. மீதிப் பதினேழும் இல்லையென்றால் அந்த இடத்தைப் பிடித்தது யார்?

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன், அதுவும் இதைக் கேட்டு. அம்மா சொல்லி எழுதவில்லை. நீ கப்பலுக்குப் போன பிறகு உன் மெயிலை நான் இரண்டு முறை திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

ஜான்ரோஸ் மாமாவின் படகு 'ஆவே மரியா' நேற்று மாலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சனிக்கிழமை போனார்கள், ஐந்து பேர். மற்றப் படகுகள் எல்லாம் காற்றுக்கு முன்பே கரை ஏறிவிட்டன. மாமாவின் மனைவி கிளாரா அக்கா விடிந்ததிலிருந்து நம் வயர்லெஸ் ரூமில்தான் இருக்கிறாள். இப்போது வயர்லெஸ் பார்க்கும் வினோஜ் அண்ணன் அவளுக்குப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, நீங்களே பாருங்க. ரெண்டரை இருக்கு, அடுத்தது நாலரை. நடுவுல ஒண்ணும் இல்ல. மாமா கூப்பிட்டிருந்தா இதில இருக்குமே."

"நடுவுல ஒண்ணும் இல்லேண்ணா என்ன அர்த்தம்? கடல்ல ஆரும் பேசல்லேண்ணா, இல்ல நீங்க பிடிக்கல்லேண்ணா?" என்று அவள் கேட்டாள். அவர் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து உருட்டினார்.

பதிவுகளைச் சேர்த்துவைக்க நீ கட்டிவைத்துவிட்டுப் போன மூன்று பெட்டிகள்தான் இப்போதும் ஓடுகின்றன. இங்கே ஒன்று, முட்டத்தில் ஒன்று, கீரிப்பாறை மலையில் சுந்தரராஜ் அண்ணாச்சி வீட்டில் ஒன்று. மூன்றையும் விசாரித்தாயிற்று, விளக்கு எரிகிறது என்கிறார்கள். ஒரு கூப்பாடு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டியலில் வராத பதிவைப் பட்டியலுக்குள் கொண்டுவர வழி இருக்கிறதா? தேடப் போன படகுகள் கொல்லம் பக்கம் போயிருக்கின்றன. மாமா போகும்போது அந்தப் பக்கம்தான் சொன்னாராம்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஜிஷா


14.10.2025, செவ்வாய், மாலை

ஜிஷா,

கப்பலில் போன் எடுக்காது. மெயிலும் காலை, மதியம், மாலை என்று மூன்று நேரம்தான் கரைக்குப் போகும். அதனால் ஒரு கடிதத்தில் பாதி, அடுத்ததில் பாதி என்று எழுதாதே. தெரிந்ததை எல்லாம் ஒரே தடவையில் எழுது. உனக்கு அது வராது என்று தெரியும்.

முதலில் பெட்டி. ஒவ்வொரு அரைமணிப் பதிவும் மூன்றில் ஏதோ ஒரு பெட்டிக்குப் போகும். எதற்கு என்பதை அந்தப் பதிவின் பெயரை வைத்து இயந்திரமே முடிவு செய்யும். நீ ஃபோல்டரைத் திறக்கும்போது அது மூன்று பெட்டிகளிடமும் "உன்னிடம் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டு, மூன்று பட்டியலையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. ஒரு பெட்டி பதில் சொல்லாவிட்டால் அது சண்டை போடாது. கிடைத்த இரண்டை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பார்ப்பவர்கள் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதினேழு இல்லையென்றால் ஒரு பெட்டி முழுவதும் இல்லை. நேற்று மலையில் இடி வெட்டியதா என்று சுந்தரராஜ் அண்ணாச்சியிடம் கேள். இடி கேட்டால் அந்த வீட்டில் மிக்ஸி, டிவி, என் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போடுவார்கள். மழை விட்டதும் திருப்பிச் செருகுவார்கள். அப்படி எழும்பும் பெட்டி பாதித் தூக்கத்தில் இருக்கும். பட்டியல் கேட்டால் தராது. பெயர் சொல்லிக் கேட்டால் தரும்.

அதனால் பட்டியலை மற. முழுப் பெயரையும் நீயே தட்டு. தேதி, மணி, கடைசியில் கை எண். நாற்காலியில் இருப்பவரின் எண். என்னுடையது ஒன்று, வினோஜுடையது இரண்டு. இடையில் கோடு. ஒரு புள்ளி மாறினாலும் இல்லை என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. வினோஜ் அந்த மலைப் பெட்டியைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்பான். துடைத்தால் பட்டியல் அழகாக இருக்கும், உள்ளே இருப்பது போய்விடும். பிப்ரவரியில் அவன் செய்தது அதுதான். நீ கதவு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். சங்கக் கூட்டத்தில் தலைவர் "பெனிட்டோ வீட்டில் கட்டின ஓட்டைப் பெட்டிதான் பதிவுகளைத் தின்னுச்சு" என்று சொன்னபோதும் அங்கேதான் நின்றாய். வாயைத் திறக்கவில்லை. நான் மறக்கவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

ஜான்ரோஸ் மாமாதான் என்னை முதன்முதலில் கடலுக்குக் கூட்டிப்போனவர். சீக்கிரம் செய்.

பெனிட்டோ


தேங்காய்ப்பட்டணம்
15.10.2025, புதன், காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதியது சரி. பிப்ரவரியைப் பற்றி எழுதியதும் சரி.

சுந்தரராஜ் அண்ணாச்சிக்கு அம்மாவை வைத்துப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். அம்மா கிளாரா அக்கா வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நானே செய்தேன். அவர் மனைவி நேசம்மாள் அக்காதான் எடுத்தாள்.

"ஆரு? சத்தமே கேக்கல்ல, வாயத் தொறந்து பேசு பிள்ளே! ஓ, பெனிட்டோக்க தங்கச்சியா? இடியா? மக்கா, திங்கக்கிழம மூணரைக்கு வெட்டுன வெட்டுல பக்கத்து ரப்பர் மரம் ஒண்ணு ரெண்டாப் பொளந்து போச்சு. ஓடிப் போயி எல்லாத்தையும் பிடுங்கினேன். ஒனக்க அண்ணனுக்க பெட்டியத்தான் மொதல்ல பிடுங்கினேன், அது வெல கூடுனதுல்லியா. ஏழு மணிக்குத் திருப்பி மாட்டிட்டேன். செரிதானே?"

சரிதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் நம் பெட்டியைக் காப்பாற்றியதாக நினைத்துச் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு நீ சொன்னபடி தட்டினேன். பட்டியலில் இல்லாத மதியம் ஒன்றரை மணிப் பதிவுக்கு 13-10-1330-2 என்று போட்டேன். திறந்துகொண்டது! முட்டத்துக்காரர் ஒருவர் யாரோடோ ஐஸ் போதாது என்று சண்டை போடுகிறார். அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டரையும் திறந்தது. நாலு மணிக்கு ஒன்றும் இல்லை, அந்த நேரம் மலையில் பெட்டி அணைந்திருந்தது.

மூன்று மணிப் பதிவுக்கு 13-10-1500-2 என்று போட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றது. நாலு முறை போட்டேன். இல்லை.

வினோஜ் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என்னட்டி குத்திக் குத்திப் பாக்க? நான் மூணு மணிக்கும் நாற்காலிலதான் இருந்தேன். ஒண்ணும் வரல்ல. இந்தப் பெட்டிய நாளைக்கு எஸ்டேட் பஸ்ஸப் பிடிச்சுப் போயித் தொடச்சு மாட்டினாத்தான் செரியாவும்" என்றார். தலைவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

கொல்லம் பக்கம் போனவர்கள் இன்னும் எதையும் காணவில்லை என்று சொல்கிறார்கள். கிளாரா அக்கா சாப்பிடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஜிஷா


15.10.2025, புதன், மதியம்

ஜிஷா,

மதிய மெயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

ஒன்றரை திறக்கிறது. பன்னிரண்டரை திறக்கிறது. பெட்டி நன்றாக இருக்கிறது. மலையில் மூன்றரைக்குத்தான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அதற்குள் மூன்று மணிப் பதிவு முழுவதும் எழுதி முடிந்திருக்கும். அது அங்கே இருக்கிறது. நீ தட்டிய பெயர் தவறு.

தேதி தவறாது. மணி தவறாது. அப்படியானால் கை எண் இரண்டு இல்லை. அந்த அரைமணி வினோஜ் நாற்காலியில் இல்லை. அவன் சொல்வது பொய்.

யார் இருந்தார்கள்?

பெனிட்டோ


தேங்காய்ப்பட்டணம்
15.10.2025, புதன், மாலை 5 மணி

அண்ணா,

தெரிந்ததை எல்லாம் ஒரே தடவையில் எழுது என்றாய். எழுதுகிறேன்.

என் கை எண் மூன்று. நீதான் கொடுத்தாய். உட்காருபவர் யாரோ அவர் எண் இருக்க வேண்டும், ஐந்து நிமிடமானாலும் மாற்ற வேண்டும் என்று நீதான் சொன்னாய். திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வினோஜ் அண்ணன் "இரி, இப்ப வந்திருவேன்" என்று சொல்லி ஏலக்கூடத்துப் பக்கம் போனார். நான் எண்ணை மாற்றினேன். நேற்றிலிருந்து எனக்கு அது தெரியும். இரண்டு போட்டு நாலு முறை பார்த்தேனே, அதில் இல்லை என்று தெரிந்துதான் போட்டேன். மூன்றை மட்டும் போடவில்லை.

மூன்றேகாலுக்கு மேல் இருக்கும். ஜான்ரோஸ் மாமாவின் குரல். இரைச்சலுக்கு இடையில் நன்றாகக் கேட்டது. எஞ்சின் நின்றுவிட்டது, பொசிஷன் எழுதிக்கொள் என்று எண்களைச் சொன்னார். நான் பேனாவைத் தேடினேன். அதற்குள் இரண்டாவது முறையும் சொல்லி முடித்துவிட்டார். கேட்டதா என்று கேட்டார்.

மைக்கைக் கையில் எடுத்தேன். பட்டனை அழுத்தினேன். குரல் வரவில்லை, அண்ணா. போன வருடம் ஒரே ஒரு நாள் நான் அதில் பேசினேன். 'ஏலே, ரூம்ல கிளி கத்துகு', 'ஏட்டி, கொத்துமா?' என்று ஒரு வாரம் எல்லாப் படகிலிருந்தும் என் குரலைப் பேசிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் எனக்கு இப்படித்தான். பட்டனை விட்டுவிட்டு வினோஜ் அண்ணனைக் கூப்பிட ஓடினேன். ஏலக்கூடத்தில் அவர் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை.

அவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். பதிவாகியிருக்கும், அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். படகு வராதபோதுதான் "ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது" என்றேன். அவர் பட்டியலைப் பார்த்தார். அதில் இல்லை. இல்லை என்றதும் எனக்கு, வெட்கக்கேடு, கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை நான் கேட்டதே பொய்யோ என்று கூட நினைத்துப் பார்த்தேன்.

அந்தப் பதிவு திறந்தால் அதன் பெயரிலேயே நான் இருக்கிறேன். கூப்பிட்டதும், யாரும் பதில் சொல்லாததும் அதில் இருக்கும். இரண்டு நாள் போய்விட்டது.

இதை அனுப்பிவிட்டு மூன்றைப் போடப் போகிறேன். உன் பதிலுக்குக் காத்திருந்தால் போடமாட்டேன்.

ஜிஷா


16.10.2025, வியாழன், காலை

ஏட்டி ஜிஷா,

நேற்று மாலை மெயில் வரும்போது நான் இயந்திர அறையில் இருந்தேன். இன்று காலையில்தான் படித்தேன். நான்கு முறை படித்தேன்.

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அழித்துவிட்டேன். நீ மூன்றைப் போட்டாயா, திறந்ததா, எண் கிடைத்ததா என்பது தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கிடைத்திருந்தால் அந்த இடத்துக்கே போகச் சொல்லாதே. இரண்டு நாள் நீரோட்டம் தள்ளியிருக்கும், அங்கிருந்து தெற்கே போகச் சொல். அவர்களுக்கே தெரியும், ஆனாலும் சொல்.

உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், தாங்கிக்கொள் என்று எழுத எனக்கு எளிது, நான் கரையில் இல்லை. அந்த ரூமில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துவிட்டுப் போனவனை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குக் கை எண் கொடுத்த நான், பேசப் பழக்கவில்லை. படகுகள் உன்னைக் கேலி செய்தபோது நானும்தான் சிரித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரியை விடு. ஜான்ரோஸ் மாமாவைப் பற்றி எழுது.

பெனிட்டோ


தேங்காய்ப்பட்டணம்
16.10.2025, வியாழன், மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

கிடைத்துவிட்டார்கள். ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். காலை பத்தே முக்காலுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அந்த ஐந்து பேரில் மரியஜான் சித்தப்பாவுக்கு மட்டும் நினைவு இல்லை, தண்ணீர் தீர்ந்து ஒரு நாள் ஆகியிருந்ததாம். படகைக் கட்டி இழுத்து வருகிறார்கள். கரை சேர இருட்டிவிடும். ஆஸ்பத்திரி வண்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று உனக்கு எழுதி அனுப்பியதும் 13-10-1500-3 என்று போட்டேன். உடனே திறந்தது. ஏழு டிகிரி ஐம்பத்திரண்டு, எழுபத்தாறு டிகிரி நாற்பத்தொன்பது. கொல்லம் பக்கமே இல்லை, நமக்குத் தென்மேற்கே. தாளில் எழுதி வினோஜ் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் உடனே மைக்கை எடுத்தார். படகுகளைத் திருப்பிவிட்டார். தெற்கே போகச் சொன்னதும் அவர்தான்.

பிறகு அவர் அந்தப் பதிவை வாங்கி, எண்கள் முடிகிற இடத்தோடு வெட்டி ஒரு சின்ன ஃபைலாக வைத்தார். "இது போதும். மிச்சத்த ஆரும் கேக்காண்டாம். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. புரியுதா மக்கா?" என்றார்.

மிச்சத்தை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். நான் ஏலக்கூடத்துக்கு ஓடிய பிறகு நடந்தது அது. நான் பட்டனை அழுத்தி விட்ட சத்தம் ஒரு 'டிக்' என்று மாமாவுக்குக் கேட்டிருக்கிறது.

"ஆரோ இருக்கு. நான் கேட்டேன். பேசு மக்கா, பேசு. பயப்படாண்டாம், ஆருண்ணாலும் பரவால்ல, கேட்டுதுண்ணு ஒரு வார்த்த சொல்லு. இல்லேண்ணா அந்த பட்டனையாவது இன்னொருக்கா அழுத்து. நாங்க அஞ்சு பேரு இருக்கோம்."

அப்படி ஐந்து நிமிடம் கூப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் பின்னால் இருக்கும் ஆட்களிடம், "கேட்டாச்சுலே, கரையில கேட்டாச்சு. ஆளு வரும்" என்கிறார். அவர்களுக்குத் தைரியம் சொல்ல அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா என்று தெரியவில்லை.

இன்று மூன்று மணிக்குச் சங்கத்தில் எல்லோரும் கூடினார்கள். பெண்களும் வந்திருந்தார்கள், ரூமில் இடமில்லாமல் வாசல்வரை நின்றார்கள். தலைவர் பேசினார். "பெனிட்டோக்க ஓட்டப் பெட்டி அம்புட்டையும் ஒளிச்சு வச்சிருக்கு. நம்ம ஜிஷா இல்லேண்ணா அஞ்சு பேரும் போயிருப்பானுவ. அண்ணன் செஞ்ச தப்பத் தங்கச்சி செரி பண்ணிட்டா" என்றார். கை தட்டினார்கள். வாசலில் யாரோ, "கிளிதான் காப்பாத்தியிருக்கு" என்றார்கள். இந்தத் தடவை கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கிளாரா அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வினோஜ் அண்ணன் அந்தச் சின்ன ஃபைலை ஓடவிட்டார். மாமாவின் குரல் வந்தது, எண்கள் வந்தன, நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று அவள் கேட்டாள்.

"அவ்வளவுதான் அக்கா. அதுக்குப் பெறவு வெறும் எரைச்சல்."

"எனக்க மாப்பிள்ள இப்பிடிப் பாதில நிறுத்துற ஆளு இல்ல. எரைச்சல்னாலும் பரவால்ல, முழுசும் கேக்கணும். ஏட்டி மோளே, நீதானே கண்டுபிடிச்ச, நீ சொல்லு. வேற ஒண்ணும் இல்லியா?"

வினோஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். எல்லோரும் நான் பேசுவேன் என்று நின்றார்கள். எனக்குக் குரல் வரவில்லை, அண்ணா, இன்றைக்கும் வரவில்லை.

கிளாரா அக்காவின் பிடியிலிருந்து கையை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சின்ன ஃபைலை மூடினேன். முழுப் பெயரையும் தட்டினேன். சத்தத்தைக் கூட்டி, வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.